எங்கள் வீட்டு மீன் தம்பதியர்

மீன் முட்டையிடும், பிறகு தன் பாட்டுக்கு நீந்திப் போய்விடும் என்றே தோழியர் பலரும் எண்ணியிருப்பீர்கள். எங்கள் கூடத்தில் 60 லிட்டர் தொட்டியில் குடித்தனம் நடத்தும் தம்பதியர் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.

இவை 'ராம்' எனப்படும் குட்டிச் சிக்லிட் மீன்கள். தாயகம், தென் அமெரிக்காவில் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் உள்ள ஓரினோக்கோ ஆற்றுப் படுகை. 1948-ல் அறிவியல் பெயர் பெற்றன. வளர்ந்த மீனே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். பொன்மஞ்சள் உடலில் நீலப் புள்ளிகள் மின்னும். கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கரும்பட்டை. பெண்ணுக்கு வயிற்றில் ரோஜா நிறம். அழகுக்கேற்ற பிடிவாதமும் உண்டு. நீர் 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சென்னை வெயில் எங்களுக்கு உதவிற்று. மென்னீராகவும் இருக்க வேண்டும். எங்கள் ஆழ்குழாய் நீரிலோ சோப்புகூட நுரைக்காது! ஆகவே மொட்டைமாடியில் பிடித்த மழைநீரைக் கலந்து, காய்ந்த வாதுமை இலை இரண்டை மிதக்கவிட்டோம். நீர் இளந்தேநீர் நிறமாயிற்று. "மீனுக்குக் கஷாயமா?" என்று பாட்டி சிரித்தார்.

ஒருநாள் காலை, தட்டைக்கல்லின்மேல் ரவை தூவியதுபோல் முட்டைகள்! இரண்டும் மாறிமாறி நின்று துடுப்பால் விசிறின. மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது கல் வெறுமையாக இருந்தது. பெற்றவையே தின்றுவிட்டன. இரண்டாம் முறையும் அதே கதைதான். எங்களுள் இளையவள் அன்றிரவு சாப்பிடவில்லை.

"அடுத்த முறை கல்லோடு எடுத்து வேறு தொட்டியில் வைத்துவிடுங்கள், பாப்பா. பண்ணையில் அப்படித்தான் செய்வார்கள்" என்றார் வண்ணமீன் கடைக்காரர். அப்பாவும் அதையே சொன்னார். நியாயந்தான், குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தே வளர்த்ததால்தான் இவை பிள்ளை வளர்ப்பை மறந்தனவோ என்று ஐயுறுவோரும் உண்டு. இளம் ஜோடி முதல் சில தடவை முட்டைகளைத் தின்பது இயல்பு என்றும் படித்திருந்தோம். அப்பாவிடம் இன்னும் ஒரே ஒரு தவணை கேட்டு வாங்கினோம்.

மூன்றாம் முறை, தொட்டியின் முன்புறம் பழைய துண்டைத் தொங்கவிட்டோம். கூடத்தில் ஓடக்கூடாதென்று தம்பிக்குத் தடையுத்தரவு! இடுக்கு வழியாகப் பார்த்தால், பூஞ்சணம் பிடித்து வெளுத்த முட்டைகளைத் தாய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பொரித்தன. நூல் துணுக்குகள்போல் துடித்த குஞ்சுகளைத் தந்தை வாயில் அள்ளியதும் எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. மூன்றாவது தடவையும் போயிற்றா? இல்லை. மணலில் தோண்டி வைத்திருந்த குழிக்குக் கொண்டுபோய் மெல்ல உமிழ்ந்துவிட்டு, அடுத்த வாய்க்குத் திரும்பி வந்தது. கல் காலியாகும்வரை அப்படியே.

மேலும் ஐந்து நாட்களில் அவை நீந்தத் தொடங்கின. ஆர்ட்டீமியா பொரிக்கவைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினோம். கூட்டத்தை விட்டு விலகிய குஞ்சை வாயில் கவ்வி வந்து உள்ளே துப்புவதும் தந்தையின் வேலைதான்.

இன்று எஞ்சியிருப்பவை 11. அப்பா மாலையில் வந்ததும், செருப்பைக் கழற்றுமுன் அவற்றை எண்ணிவிடுகிறார். கடைக்காரர் விலை கேட்டிருக்கிறார். நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.