டஜன் என்றால் ஐந்தா?

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஜி.எஸ்.டி.யில் 12 சதவிகித அடுக்கு போய், சமையல் பாத்திரங்களுக்கு 5 சதவிகிதம் என்று ஆன நாள். செஞ்சியில் மாமாவின் பாத்திரக் கடைக்கு பில் போடும் புரோகிராமை எழுதித் தந்தது சிங்கவரத்துப் பெண். கல்லூரியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். பி.ஹெச்.பி.யில் அவள் எழுதிய முதல் உருப்படியான வேலை அதுதான்.

முந்தைய நாள் இரவு, கோப்பைத் திறந்து '12' இருந்த இடத்திலெல்லாம் '5' என்று ஒரே தட்டில் மாற்றினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை அன்னதானத்துக்காக இரண்டு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்க ஒரு பெரியவர் வந்தார். ஒரு டம்ளர் 60 ரூபாய். வரியோடு 1,512 வரவேண்டிய பில், 630 என்று வந்தது. கூட்ட நேரம், கடைப்பையன் கவனிக்கவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் மீதி 882 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏம்ப்பா, உங்க கடையில டஜன்னா அஞ்சா?"

அப்படி எத்தனை பில் போனதோ! எல்லோரும் அந்தப் பெரியவர் இல்லையே. மாமா திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

பிரச்னை எளியது. வரியும் 12, டஜனும் 12. எது எது என்று கணினிக்குத் தெரியாது. எழுதியவளும் எங்கும் குறித்து வைக்கவில்லை. இதற்குத்தான் மாறிலி இருக்கிறது. 'கான்ஸ்ட்' என்றோ 'டிஃபைன்' என்றோ எழுதி ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்துவிட்டால், புரோகிராம் ஓடி முடியும்வரை அதன் மதிப்பை மாற்ற முடியாது. மாறிகளுக்கு முன்னால் டாலர் குறி போடுவோமே, அதுகூட இதற்கு வேண்டாம். பெயரைத் தப்பாக அடித்தால்? பழைய பதிப்புகள் அந்தப் பெயரையே ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு, ஒரு எச்சரிக்கையோடு ஓடிவிடும். 2020-ல் வந்த 8-ம் பதிப்பிலிருந்து பிழை காட்டி நின்றுவிடுகிறது. கடைக்கு அதுதான் நல்லது.

வரியையும் மாறிலியாகவே வைத்தாள். அடுத்த வாரமே அதுவும் இடித்தது. ஆகஸ்ட்டில் வாங்கிய குடத்தின் பில்லை மறுபடி அச்சடித்தால், 12-க்குப் பதில் 5 சதவிகிதம் காட்டியது. அரசு மாற்றக்கூடியதை மாறிலி என்று எப்படிச் சொல்வது? விகிதமும் அது அமலுக்கு வந்த தேதியுமாக வரியை ஒரு அட்டவணைக்குக் கொண்டுபோனாள். பில் தேதியைப் பார்த்து விகிதத்தை எடுக்கும்படி செய்தாள். டஜன் மட்டும் மாறிலியாகத் தங்கியது.

சிங்கவரத்தில் மாறாத எண்ணுக்குப் பஞ்சமில்லை. ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குடைவரைக்குப் பக்கத்தில்தான் திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் அங்கே உண்டு. அந்த 57-ஐ ஒரே தட்டில் யாரும் மாற்றிவிட முடியாது.

பி.ஹெச்.பி.யில் மாறிலிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஒருநாள் மாமா திரையை எட்டிப் பார்த்தார். ஆங்கிலக் குறிகளுக்கு நடுவே, 'டஜன் = 12'.

"இது ஒண்ணுதாம்மா எனக்குப் புரியுது" என்றவர், அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.