பந்தய வண்டிக்குப் புரவலர் தேடியது

"நீவிர் மூவரும் மோட்டார்ப் பந்தயத்திற் கலந்துகொண்டவராயிற்றே, அதுபற்றி மாணவர்க்குச் சில எழுதுக" என்று இவ்விதழாசிரியர் எம்மைப் பணித்தனர். பணித்த நாள்முதல் எண்ணிப் பார்த்ததில், வேகத்தைப் பற்றிச் சொல்ல எம்மிடம் மிகுதியாக ஒன்றுமில்லை என்பது புலப்பட்டது. ஓராண்டிற் பந்தயத் தடத்தில் யாம் ஓடிய நேரமனைத்தையும் கூட்டினும் மூன்று மணிக்கு மேற்படாது. அரிசி ஆலைகளின் திண்ணையிலும், உரக்கடைப் பலகையிலும், டயர்க் கடையின் ரப்பர் நாற்றத்திடையிலும், "முதலாளி வந்துவிடுவார், இருங்கள்" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்த நேரமோ கணக்கிலடங்காது. ஆதலின் அக்காத்திருப்பைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

யாம் மூவரும் நம் கல்லூரியில் ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருந்தவர்கள். எம்முள் ஒருவர் வண்டி ஓட்டுவார். ஒருவர் அதனைப் பழுதுபார்ப்பார். மற்றொருவர் கடிதம் எழுதுவார். இம்மூன்றனுள் மூன்றாவதே கடினமான தொழில் என்பதை முன்னிருவரும் இன்று ஒப்புக்கொள்கின்றனர்.

தஞ்சை நாட்டிற் பந்தயத் தடம் கிடையாது. வாய்க்காலும் வரப்பும் மதகும் நிறைந்த இந்நாட்டில், மூன்று கிலோமீட்டர் தூரம் மேடுபள்ளமின்றி நிலம் கிடைப்பின், அதில் நெல் விளைந்துகொண்டிருக்கும். தமிழகத்தில் நெடுநாளாக உள்ள தடங்கள் இரண்டு. ஒன்று, 1953-இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்தது. அதற்கு முன் அவர்கள் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்திலே பந்தயம் நடத்தி வந்தனர். மற்றொன்று, கோயமுத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் என்பாரின் பெயர் தாங்கியது அது. அவர் ஆலைக் குடும்பத்திற் பிறந்தும், மாருதி வண்டியின் உறுப்புக்களைக் கொண்டே குறைந்த செலவிற் பந்தய வண்டி செய்து, ஆலை இல்லாதோரும் பந்தயம் ஓடலாம் என்று காட்டியவர். சோழவரத்துப் பழைய நாட்களில் ஓடியவருட் பலர் அரச குடும்பத்தினரும் பெருந்தொழிலதிபரும் ஆவர். அவர்க்குப் புரவலர் வேண்டியதில்லை. தாமே தமக்குப் புரவலர். எம்மனோர்க்கு அந்நிலை இல்லை.

ஒரு காலத்தில் உலகப் பெரும்பந்தயங்களிலும் வண்டியின் மேனியில் நாட்டு நிறம் மட்டுமே இருந்தது. இத்தாலியர்க்குச் சிவப்பு, ஆங்கிலேயர்க்குப் பச்சை, பிரெஞ்சுக்காரர்க்கு நீலம். 1968-இல் லோட்டஸ் குழுவினர் ஒரு சிகரெட்டின் நிறத்தைத் தம் வண்டிக்குப் பூசினர். அன்றுதொட்டு வண்டியின் மேனி வாடகை நிலமாயிற்று. 2005-இல் நம் நாட்டினருள் முதல்வராக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய நரேன் கார்த்திகேயனும் டாடா நிறுவனத்தின் துணைகொண்டே அவ்விடம் சேர்ந்தார். திறமை ஒருவரைத் தடத்தின் வாயில்வரை கொணரும். உள்ளே புக வேறொருவர் பணப்பையைத் திறக்க வேண்டும்.

நிற்க. எம் கதைக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பழைய மாருதி எஸ்டீம் வண்டி ஒன்றை வாங்கினோம். வாங்கிய பணம் எமது. ஆயின் வண்டி வாங்குதல் பெண் பார்த்தல் போன்றது. செலவு பின்னரே தொடங்கும். ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு, தீப்பற்றா உடை, தலைக்கவசம், தோளையும் இடையையும் பிணிக்கும் வார்கள், உரிமச் சீட்டு, நுழைவுக் கட்டணம், டயர்கள், வண்டியை லாரியிலேற்றி 300 கிலோமீட்டருக்கு மேற் கொண்டுசெல்லும் கூலி என்று பட்டியல் நீண்டது. டயர்களை எழுதிய வரியிற் பேனா தானே நின்றுவிட்டது.

முதற்கண் பெரிய நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுபது கடிதங்கள் எழுதினோம். இரண்டிற்கு விடை வந்தது, இரண்டும் வாழ்த்து. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தருகே நிற்கும் சிலநூறு பேர் எம் வண்டியைப் பார்ப்பதனால் அந்நிறுவனங்கள் அடையும் பயன் யாது என்று யாமே எம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. இதனை எமக்கு எடுத்துரைத்தவர் பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர்.

அவரிடம் யாம் சென்றது தற்செயலன்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் பெயர்பெற்றது என்பதை அப்பகுதி மாணவர் அறிவர். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு எனப் பிரிவு பிரித்துக் குறித்த எல்லைவரை ஓடித் திரும்பும் பந்தயம் அது. ஒவ்வொரு பிரிவின் பரிசிற்கும் பொருளுதவியவர் பெயர் துண்டறிக்கையில் அச்சாகும், ஒலிபெருக்கியிலும் முழங்கும். புரவலர் முறை என்பது இங்ஙனம் எம் நாட்டில் வேரூன்றியிருக்க, யாம் அதனை ஆங்கிலக் கடிதத்தில் தேடியிருக்கிறோம்! இவ்வியாபாரி ஆண்டுதோறும் நடு மாட்டுப் பரிசளிப்பவர். 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்துத் தீர்ப்பளித்தது. பரிசிற்கென அவர் எடுத்துவைத்த பணம் செலவாகாது நிற்பதை ஒருவர் எமக்குக் கூறினார்.

"தம்பிகளா, மாடு ஓடினால் ஊர் பார்க்கிறது. உங்கள் வண்டி எங்கோ ஓடினால் யார் பார்ப்பது?" என்றார் அவர்.

எமக்கு விடை தெரியவில்லை. அவரே சொன்னார்: "பந்தயத்திற்குப் போகுமுன் வண்டியை லாரியோடு என் கிடங்கு வாயிலில் ஒரு நாள் நிறுத்துங்கள். வந்த பிறகும் ஒரு நாள் நிறுத்துங்கள். அடிபட்டிருந்தாலும் அப்படியே நிறுத்துங்கள்."

அவ்வாறே செய்தோம். கிடங்கு வாயிலில் அன்று கூடிய கூட்டம் தடத்திற் கூடியதனினும் பெரிது. சிறுவர்கள் வண்டியினுள் அமர வரிசையில் நின்றனர். காய் கொணர்ந்த விவசாயிகள் கூண்டைத் தட்டிப் பார்த்தனர். யாம் விற்கத்தக்க பொருள் பந்தய நாளன்று. அதன் முன்னும் பின்னும் உள்ள நாட்களே என்பதை அன்று அறிந்தோம். அதன்பின் ஆங்கிலக் கடிதம் எழுதுவதை விட்டோம். டயர்க் கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு முன் வண்டியைத் தம் கடைவாயிலில் நிறுத்திக்கொண்டு நான்கு டயர் தந்தார். கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் பணம் தர இசைந்து, "நன்கொடைச் சீட்டு வேண்டா, விளம்பரக் கட்டணத்திற்குப் பில் தருக" என்றார். நன்கொடையாயின் அது அவர் கைப்பணம். விளம்பரமாயின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி தொழிற்செலவாகக் காட்டலாம் என்று அவருடைய ஆடிட்டர் சொல்லியிருந்தார். நன்றி கூறித் தலைவணங்குவதினும் ஒழுங்கான பில் ஒன்று மேல் என்பதைப் பாத்திரக் கடையிற் கற்றோம்.

ஏற்கத்தகாத உதவியும் உண்டு. புகையிலை வணிகர் ஒருவர் யாம் கேட்டதினும் இருமடங்கு தர முன்வந்தார். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடங்கொடாது, மறுப்பது எளிதாயிற்று. லேத் பட்டறை வைத்திருந்த நண்பர் பாதுகாப்புக் கூண்டை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லிக் குழாய்களையும் வாங்கி அடுக்கிவிட்டார். அவை பற்றவைத்த மூட்டுடைய சாதாரணக் குழாய்கள். பந்தய விதிப்படி முதன்மைக் குழாய் மூட்டற்றதாய், விதித்த விட்டமும் தடிப்பும் உடையதாய் இருத்தல் வேண்டும். வண்டி உருளுமாயின் அம்மூட்டு பிளக்கக்கூடும். அன்போடு தந்ததை வேண்டா என்றதில் அவர் எம்மோடு ஓராண்டு பேசவில்லை. இன்றும் அது எமக்கு வருத்தமே. ஆயினும் உள்ளே அமர்பவர் எம்முள் ஒருவர்.

புரவலரை நாடுதற்கும் காலமுண்டு. காவிரி நாட்டில் அக்காலத்தைக் காட்டுவது மேட்டூர் அணை. சூன் 12-இல் அணை திறப்பின் குறுவை. குறுவை உண்டாயின் உரக்கடை முதல் நகைக்கடை வரை முகமலர்ச்சி. 2012 தொடங்கி 2019 முடிய எட்டாண்டு அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. எம் பந்தய வாழ்வின் பெரும்பகுதி அவ்வெட்டாண்டினுள் அகப்பட்டது. எம் கடிதக்காரர் குறிப்பேட்டின் முதற்பக்கத்திற் பந்தய நாட்களும், எதிர்ப்பக்கத்தில் மேட்டூர் நீர்மட்டமும் இருக்கும். சம்பா அறுவடை முடிந்து கையிற் பணம் புழங்கும் மாசி மாதமே எமக்குரிய காலம். ஆடியிற் சென்று கேட்டவன் அடுத்த தையிலும் விடை பெறான்.

இனி எம் குற்றம் ஒன்றைக் கூறவேண்டும். 2016-இற் பாபநாசத்தை அடுத்த அரிசி ஆலை முதலாளி ஒருவர் 25,000 ரூபாய் தந்தார். அவர் ஆலையின் பெயரை வண்டியின் இருபுறமும் எழுதினோம். இருங்காட்டுக்கோட்டையில் முதற்சுற்றின் மூன்றாம் வளைவில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு முறிந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தனர். நாணத்தால் யாம் அவருக்கு ஒரு சொல்லும் தெரிவிக்கவில்லை. அடுத்த பந்தயத்தில் நன்கு ஓடி நல்ல செய்தியோடு செல்வோம் என்றிருந்தோம். நாற்பது நாள் கழிந்தது. இடையே ஒரு திருமணத்தில் உறவினர், "உங்கள் கார் என்ன ஆயிற்று?" என்று அவரைக் கேட்டிருக்கின்றனர். அவர்க்கு விடை தெரியவில்லை. பின்னர் யாம் சென்றபோது அவர் சினக்கவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்து, "தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டவர்க்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லையே, அதுதான்" என்றார். அவர் மறுபடி தரவில்லை. யாமும் கேட்கத் துணியவில்லை. அன்றுமுதல் பந்தயம் முடிந்த மூன்றாம் நாள் எல்லாப் புரவலர்க்கும் கடிதம் போகும். எந்த இடத்தில் வந்தோம், எது முறிந்தது, அவர் பணம் எதற்குச் செலவாயிற்று என்பதை ஒரு பக்கத்தில், தமிழில் எழுதுவோம்.

2017 சனவரியிற் சட்டம் திருத்தப்பெற்று மாடுகள் மீண்டும் ஓடலாயின. ஊரெல்லாம் மகிழ்ந்தது, யாமும் மகிழ்ந்தோம், சிறிது அச்சத்தோடு. தேங்காய் வியாபாரியின் நடு மாட்டுப் பரிசு மாட்டிற்கே திரும்பிற்று. ஆயினும் அவர் எம்மைக் கைவிடாமற் பாதித் தொகை தந்தார். நான்கு கால் உள்ளதோடு நான்கு சக்கரம் போட்டியிட்டுப் பாதி வென்றதை எம் வெற்றிகளுள் ஒன்றாகவே கொள்கின்றோம்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஓரிரவில் வீழ்ந்தன. சாலை திறந்தபின் யாம் சென்றபோது, அவர் கிடங்கின் கூரை பக்கத்து வயலிற் கிடந்தது. பணத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. திரும்பும் வழியில் யாம் மூவரும் ஒரு முடிவு செய்தோம்: அவர் தரினும் தராவிடினும் அவர் பெயர் எம் வண்டியின் கதவில் நிற்கும். நன்றி மறவாதார் என்ற பெருமிதமும் அதனுள் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2019-இல் ஒரு நாள் அவர் தொலைபேசியிற் கூப்பிட்டார்.

"தம்பி, என் பெயரை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்."

"ஐயா, நீங்கள் ஒன்றும் தரவேண்டியதில்லை. நாங்களாகவே எழுதியிருக்கிறோம்."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? எனக்குக் காய் போட்டவர்களுக்கு நான் இன்னும் பணம் கொடுத்து முடிக்கவில்லை. போன வாரம் ஒருவன் உங்கள் வண்டிப் படத்தைச் செல்பேசியில் காட்டிக் கேட்கிறான், காரில் பெயர் எழுதக் காசிருக்கிறது, காய்க்குக் காசில்லையா என்று. நான் என்ன சொல்வேன்?"

எம்மால் ஒன்றும் பேசமுடியவில்லை. ஐந்தாண்டு அவர் பெயரை ஏற்றிச் சென்றோம். அது வண்டிக் கதவில் மட்டும் இருப்பதன்று, அவர் ஊரிலும் நடமாடுவது என்பதை அதுவரை எண்ணிப் பார்த்தோமில்லை. வளமான காலத்தில் அவருக்குச் சிறப்புச் செய்த அவ்வெழுத்தே, இடுக்கண் வந்தபோது அவர் கடனை நினைவூட்டும் விளம்பரமாயிற்று. கேளாமற் செய்த நன்மையை யாம் பெருந்தன்மை என்று கருதியிருந்தோம். அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தோமாயின் அன்றே மறுத்திருப்பார்.

அன்றிரவே மண்ணெண்ணெயும் தகடும் கொண்டு எழுத்துக்களைச் சுரண்டினோம். எழுத்துப் போயிற்று, ஆயின் அதன் வடிவம் போகவில்லை. ஐந்தாண்டு வெயிலிற் சுற்றுப்புறச் சாயம் வெளிறியிருக்க, எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாய் நின்று, முன்னினும் தெளிவாக அவர் பெயரைக் காட்டிற்று. விளக்கடியில் நின்று அதனை நெடுநேரம் பார்த்தோம். மறுநாட் கதவு முழுதும் புதுச்சாயம் அடிக்கவேண்டியதாயிற்று. அச்செலவை எக்கணக்கிற் சேர்ப்பது என்று எம் கடிதக்காரர்க்கு இன்றும் ஐயம்.

அதன்பின் புதியவர் எவரிடம் பணம் பெறினும் யாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துள்ளோம்: புரவலர் எந்நாளிலும், காரணம் கூறாமல், தம் பெயரை நீக்கச் சொல்லலாம், ஏழு நாளில் நீக்குவோம், பெற்ற பணத்திற்கு வண்டியை வாயிலில் நிறுத்தும் கடமை மட்டும் எமக்கு நிற்கும். இதனைப் படித்த உரக்கடைக்காரர் ஒருவர் சிரித்தார். அவர் மகன், வங்கியில் வேலை பார்ப்பவர், சிரிக்கவில்லை.

தேங்காய் வியாபாரிக்கு மூன்றாம் நாட் கடிதம் மட்டும் யாம் நிறுத்தவில்லை. அவரும் வேண்டா என்று சொல்லவில்லை. புயலுக்குப்பின் நட்ட குட்டை மரங்கள் காய்க்கத் தொடங்கிவிட்டன என்றும், நெட்டை மரங்களுக்கு இன்னும் காலமிருக்கிறது என்றும் ஒருமுறை அஞ்சலட்டை வந்தது. சென்ற மாசியில் மற்றோர் அட்டை. பக்கக் கண்ணாடியின் கீழே நான்கு விரற்கிடை இடத்திற்கு என்ன கட்டணம் என்று கேட்டிருந்தார். பெயர் வேண்டா, ஒரு தென்னங்கன்று வரைந்தாற் போதும் என்றும் எழுதியிருந்தார். கட்டணத்தைக் குறைக்காமல், மற்றவர்க்குச் சொல்வதையே எழுதி அனுப்பியுள்ளோம். விடையை எதிர்நோக்கியிருக்கின்றோம்.