கொர்ர்ர் சத்தமும் ஒடித்த எர்த் பின்னும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சிலிருந்து வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் திசையில் நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம். 2015-ல் குப்பத்து மக்களும் பாடகர் டி.எம்.கிருஷ்ணா போன்றவர்களும் சேர்ந்து இங்கே ஒரு விழா எடுத்தார்கள். சபாவில் கேட்கிற கர்நாடக சங்கீதமும், சபா பக்கமே வராத பறையும் கூத்தும் ஒரே விழாவில். அதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இது ஒயரைப் பற்றி!

இந்த மாதிரி திறந்தவெளி மேடைகளில் மைக் ஒயர் வெகுதூரம் ஓடும். அதனால் அங்கே பேலன்ஸ்டு இணைப்பு. ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் போகும், ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பாட்டு நிற்கும், இரைச்சல் போய்விடும்.

வீட்டில் டிவி, டிவிடி பிளேயருக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ அப்படியல்ல. நடுவில் ஒரு ஊசி, சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான். சிக்னல் திரும்பி வரும் வழியும் அந்த வளையம்தான், எர்த்தும் அதேதான். இரண்டு மீட்டர் தூரத்துக்கு இது போதும்.

இப்போது குப்பத்தில் ஒரு பையன், மேடையில் ஓடிய பழைய ஸ்பீக்கர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியோடு சேர்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தம் கம்மியாக இருக்கும். அது கோளாறு இல்லை. வீட்டு சாதனத்தின் வழக்கமான அளவு சுமார் 0.3 வோல்ட், மேடை சாதனத்துக்கு 1.23 வோல்ட். வால்யூமைக் கூட்டினால் சரி.

கூட்டினதும் கொர்ர்ர்... ஸ்பீக்கருக்கு எர்த் சுவரிலிருந்து. டிவிக்கோ கேபிள் ஒயரின் ஷீல்டு வழியாக வேறு எங்கிருந்தோ இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம். அது ஆர்சிஏ வளையம் வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் பாட்டாகிவிடுகின்றன. கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான்.

இங்கேதான் பலர் அந்தக் காரியத்தைச் செய்வார்கள்: மூணு பின் பிளக்கில் பெரிய பின்னை ஒடித்துவிடுவது! சத்தம் நிஜமாகவே நிற்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பி நழுவி ஸ்பீக்கரின் உலோக உடம்பில் பட்டால், மின்சாரம் போக எர்த் இருக்காது. தொடுகிற கை இருக்கும். கடற்கரை வீட்டில், உப்பும் ஈரமுமாக அந்தக் கை இருக்கும்.

சரியான வழி இரண்டு. முதலில் ஒயர். உள்ளே இரண்டு கம்பியும் மேலே ஷீல்டும் உள்ள கேபிள் வாங்கி, ஆர்சிஏ ஊசியை எக்ஸ்எல்ஆரின் 2-ம் பின்னுக்கும், வளையத்தை 3-ம் பின்னுக்கும், ஷீல்டை 1-க்கும் கொடுத்து, வளையத்தையும் ஷீல்டையும் ஆர்சிஏ முனையில் மட்டும் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் இதிலேயே சத்தம் அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு சுருள்கள், ஒன்றையொன்று தொடாது. பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டிவிடும், எர்த் தாண்டாது.

கொர்ர்ர் சத்தம் காதுக்குத்தான் தொல்லை. எர்த் இல்லாவிட்டால் தொல்லை உயிருக்கு. அந்தப் பெரிய பின்னை விட்டுவிடுங்கள்.