கைநடுக்கமும் கணிப்பொறித் தூரிகையும்

பாம்பன் கரையில் நிற்கும் வல்லங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் பெயர் எழுதிப் பிழைத்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எனாமல் பெயிண்ட்டும் தூரிகையுமே எனக்குச் சோறு போட்டன. கடைப் பெயர்ப்பலகை, நிக்காஹ் வரவேற்பு வளைவு, பள்ளிவாசலின் ரமளான் கால அட்டவணை என்று எதைக் கொடுத்தாலும் எழுதுவேன். எழுத்து மட்டும்தான். ஒரு கண்ணையோ மூக்கையோ பிறர் பார்க்க நான் வரைந்ததில்லை.

காரணம் என் மர்ஹூம் வாப்பா. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் கணக்கு வாத்தியாரை வரைந்து வைத்திருந்தேன். தொப்பை முன்னே போக, வாத்தியார் பின்னே வருவதாகப் படம். அது வாப்பாவின் கையில் சிக்கியது. முதலில் அவர் சிரித்தார்; அதை நான் நன்றாகக் கண்டேன். பிறகு மூக்கை ஒருமுறை தேய்த்துக் கொண்டு, அந்தத் தாளை மெதுவாக நான்காகக் கிழித்தார். "எழுத்து எழுது, எவ்வளவு வேணும்னாலும் எழுது. உசுர் உள்ளதை வரையாதே" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். முற்றிலும் கூடாது என்போர் உண்டு. சிலைக்கும் தாளில் வரையும் படத்திற்கும் வேறுபாடு காண்போர் உண்டு. குழந்தைகளின் கல்விக்கும் அவசியத் தேவைக்கும் அனுமதிப்போரும் உண்டு. அந்த விவாதத்திற்குள் நுழையும் தகுதி எனக்கில்லை. வாப்பா பேணுதலின் பக்கம் நின்றவர். கடவுச்சீட்டுக்காக ஒரே ஒரு தடவை நிழற்படக் கடைக்குப் போனார். அந்தப் படமும் அவரைப் போல் இல்லை. எதற்கோ அபராதம் கட்ட வந்தவரைப் போல் முறைத்துக்கொண்டு இருப்பார்.

ஆனால் ஆசை எங்கே போகும்? எங்கள் கருவாட்டுக் கடையில் பொட்டலம் கட்டப் பழைய பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வரும். அவற்றில் கோபுலுவின் படங்களைக் கண்டால் அந்தத் தாளில் கருவாடு மடிக்க மனம் வராது. நாலே கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியையே எழுப்பிவிடுவார் அவர். இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தில், இலங்கையிலிருந்து திரும்புவோரின் பெட்டிகளோடு 'சிரித்திரன்' இதழ்களும் வரும். அதன் ஆசிரியர் சுந்தர் படைத்த சவாரித் தம்பரை நான் அப்படித்தான் அறிந்தேன். 1980களில் கப்பல் நின்றது, தம்பரும் நின்றுபோனார். இரவில் யாரும் பார்க்காதபோது இவற்றைப் பார்த்து வரைவேன். விடியுமுன் அடுப்பில் போட்டுவிடுவேன். உம்மாவுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அடுப்பு மூட்டுபவர் அவர்தானே.

2009இல் வாப்பா மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதற்கு முன்பே ஃபிளெக்ஸ் பேனர் வந்து எங்கள் தொழிலின் கழுத்தைப் பிடித்திருந்தது. நான் இரண்டு நாள் எழுதும் பலகையை இயந்திரம் இருபது நிமிடத்தில் துப்பியது. படகுகள் மட்டும் கைவிடவில்லை. பிறகு கையே என்னைக் கைவிட்டது. வலக்கையில் நடுக்கம். "முதுமை நோயல்ல, நரம்பின் குணம்" என்றார் மருத்துவர். 'பிஸ்மில்லாஹ்' என்று படகின் முகப்பில் எழுதும்போது கோடு நெளிந்தது. உரிமையாளர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டு வேறொருவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

அந்த நிலையில்தான் 2023இல், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஈத் விடுமுறைக்கு வந்தபோது கருஞ்சிலேட்டைப் போன்ற ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வாப்பா, இது கிராஃபிக்ஸ் டேப்லெட். இதுல வரையுங்க, கம்ப்யூட்டர்ல படம் விழும்" என்றாள். அடுப்புச் சாம்பலில் ஒட்டியிருந்த துண்டுகளைச் சிறு வயதில் அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த வரைபலகையின் வரலாறு சுவையானது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வாளர் ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு ராண்ட் நிறுவனம் பலகையில் எழுதினால் திரையில் தோன்றும் கருவியை வெளியிட்டது. 1964! நம் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அதே ஆண்டு. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம் இதைச் சித்திரக்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தது. பலகைக்கு அடியில் மெல்லிய கம்பிகளின் வலை இருக்கிறது. அது எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே பேனாவினுள் உள்ள சுருள் தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்று, தான் இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்கிறது. ஆகவே பேனாவுக்கு மின்கலம் வேண்டியதில்லை. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். என்னுடையது 8192 வகை அழுத்தத்தை உணருமாம். என் தூரிகை எத்தனை வகையை உணர்ந்தது என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

முதல் வாரம் எனக்கு அழுகையே வந்தது. கை மேசையில் இருக்கிறது, கோடு எதிரே திரையில் விழுகிறது. கையைப் பார்த்தால் கோடு தெரியாது. கோட்டைப் பார்த்தால் கை எங்கே என்று தெரியாது. கண்ணாடியைப் பார்த்துப் பிறர் முகத்தைச் சவரம் செய்வது போலிருந்தது. அதைவிடக் கொடுமை, வட்டம் போட்டால் முட்டை விழுந்தது. நடுக்கத்தால்தான் என்று நினைத்து மனம் ஒடிந்தேன். மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தாள். என் பலகையின் நீள அகல விகிதம் வேறு, திரையின் விகிதம் வேறாம். அமைப்பில் ஓரிடத்தில் விகிதம் மாறாதிருக்கக் குறியிட்டதும் முட்டை வட்டமாயிற்று. பழி முழுவதையும் கையின்மேல் போட்டிருந்தேனே! பலகை வழுக்கியதால் அதன்மேல் வரைதாள் ஒன்றை ஒட்டினேன். பேனா முனை சீக்கிரம் தேய்ந்தாலும், தாளில் உரசும் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குக் கோடு வராது.

மென்பொருளாகக் கிரிட்டா என்பதை மகள் ஏற்றித் தந்தாள். இலவசம், தன்னார்வலர்கள் பலர் கூடி வளர்ப்பது. சுவீடன் நாட்டு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருளாம். அதில் கோட்டை நிலைப்படுத்தும் வசதி ஒன்று உண்டு. பேனா முன்னே போக, கோடு சற்றுப் பின்தங்கி, இழுத்த கயிற்றின் நுனியில் வரும் தோணி போல வரும். இடையில் ஏற்படும் சிறு நடுக்கங்கள் அதில் கரைந்துவிடுகின்றன. நாலாண்டுகளுக்குப் பின் நேரான கோடு ஒன்று என் கையிலிருந்து விழுந்ததைக் கண்டபோது, அல்ஹம்துலில்லாஹ், நான் மேசையை விட்டு எழுந்து சிறிது நேரம் கடலோரம் போய் நின்றேன். பக்கவாதத்தால் வலக்கை முடங்கிய பிறகு கோபுலு இடக்கையால் வரையப் பழகினார் என்று படித்திருக்கிறேன். அவருக்கு எந்த இயந்திரமும் கோட்டைச் சீராக்கித் தரவில்லை. என் மகிழ்ச்சியில் சற்றுக் கூச்சமும் கலந்தது.

வசன எழுத்துகளைத் தட்டச்சு செய்வதில்லை, கையாலேயே எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. உப்புக்காற்றுதான் எதிரி. இணைப்பு முனையில் துரு ஏறி இரண்டு வடங்கள் போயின. இப்போது வேலை முடிந்ததும் துணியில் சுற்றி டப்பாவில் வைக்கிறேன்.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அன்றிரவு வரைந்ததுதான் ஊர் பார்த்த என் முதல் கேலிச்சித்திரம். 1914இல் திறந்த பழைய பாலத்தின் தூக்கு, நடுவில் பிரிந்து இரு பக்கமும் உயரும். புதியதோ, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். படத்தில் பழைய பாலம் சொல்கிறது: "தம்பி, கப்பல் வந்தா நான் ரெண்டு கையையும் ஏந்தி துஆ செஞ்சு அனுப்பினேன். நீ எழுந்து மட்டும் நிக்கிறே!" பாலங்களுக்குக் கண்ணும் மூக்கும் வைக்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் அது தெருத்தெருவாகப் போயிற்று. மீன் ஏலக் கடை ஒன்றில் அச்செடுத்து ஒட்டினார்கள். புதுப்படகு கட்டிய ஒருவர், பெயரை நான் கணிப்பொறியில் எழுதித் தந்தால் அதையே அச்செடுத்து ஒட்டிக்கொள்வதாகச் சொல்லி முன்பணமும் தந்தார்.

பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. பேரப்பிள்ளைகளுக்கு வாப்பாவைத் தெரியாது. அவர்கள் கண்டது முறைக்கும் கடவுச்சீட்டுப் படத்தை மட்டுமே. புயலில் சிதைந்த பாலத்தை 46 நாளில் நிமிர்த்திய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும் வாப்பாவை, சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்க்கும் வாப்பாவை, அவர்கள் எங்கே கண்டார்கள்? வரையாதே என்றவரையே வரைவதா? பல இரவுகள் புரண்டேன். கடைசியில் ஒருநாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்தவன், தொழுதுவிட்டுப் பலகையின் முன் அமர்ந்தேன்.

மென்பொருளில் படத்தை அடுக்கடுக்காக வரையலாம். ஒன்றின்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள் போல. தொப்பியும் தாடியும் ஓர் அடுக்கு, மூக்கைத் தேய்க்கும் கை ஓர் அடுக்கு, கண்கள் தனி அடுக்கு.

உம்மாவுக்கு வயது எண்பதைத் தொட்டுவிட்டது. லுஹருக்குப் பின் கைப்பிடித்து அழைத்துவந்து திரையின் முன் உட்கார வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு இம்புட்டு நீளமில்ல வாப்பா" என்றார், பிள்ளையைச் செல்லமாக அழைக்கும் அந்த வழக்கப்படி. சற்றுக் கழித்து, "சிரிப்பு வந்தா இப்புடித்தான் தேய்ப்பாக" என்றார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஆனா அவுக ஒப்ப மாட்டாகளே" என்றார்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. கண்களிருந்த அடுக்கை மறைத்தேன். தொப்பியும் தாடியும் தேய்க்கும் கையும் மட்டும் நின்றன. உம்மா தலையசைத்தார். "இப்ப இருக்கட்டும்" என்று எழுந்து போனார்.

இஷாவுக்குப் பின் நான் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்தபடி உம்மா கதவருகே வந்து நின்றார்.

"அந்தக் கண்ணை இன்னொரு தரம் காட்டேன்."

துணியை அவிழ்த்தேன்.