அமெரிக்காவைக் கண்டவர் யார்?

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் மணியில் சரித்திரம் போதிக்கும் பாக்கியம் பல வருஷங்களாக நமக்கே வாய்த்து வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் நாற்பது தலைகள். அவற்றில் பத்துப் பதினைந்து, தயிர்சாதத்தின் மகிமையால், நாம் வாயைத் திறக்கு முன்பே ஆடத் தொடங்கிவிடும். தலையாட்டுவதைப் பாடம் புரிந்ததற்கு அடையாளமாகக் கொண்டு மேலே போய்விடுவது உபாத்தியாயர்களின் பழைய தந்திரம். நாமும் வெகு காலம் அவ்வாறே காலட்சேபம் செய்து வந்தோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பரீட்சை வைத்தோம். அதில் ஒரு மார்க்குக் கேள்வி: "அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?" முப்பத்தொன்பது தாள்களில் "கொலம்பஸ்" என்று இருந்தது. ஒரு பெண் மட்டும், "முதன்முதலில் அங்கே போய்க் குடியேறியவர்கள். அவர்களுடைய பெயர் தெரியாது" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் ஒரு சைபரும் போட்டோம்.

மறுநாள் அவள் தாளுடன் மேஜையருகே வந்தாள். "ஸார், கொலம்பஸ் போனபோது அங்கே ஜனங்கள் இருந்தார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள். சொன்னது உண்மைதான். ஆனால் மணி அடிக்க இரண்டு நிமிஷம். மேஜைமேல் திருத்தாத தாள்கள் வேறு. "புஸ்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது, அம்மா" என்றோம். "சரி, ஸார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுவதும் அவள் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

போனது ஒரு மார்க்குத்தான். ஆயினும் அது நம்மை விடவில்லை. ஒரு மாதம் கழித்து வாஸ்கோடகாமா பாடம் வந்தது. 1498-ல் அவர் கோழிக்கோட்டில் வந்து இறங்கியதைச் சொல்லும்போது, "அவர் இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்! சாமூதிரியின் துறைமுகத்தில் அராபியரும் குஜராத்தியரும் மிளகு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஊருக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தவர் அவர்!" என்று ஆவேசமாகப் பேசினோம். வகுப்பு கை தட்டியது. அந்தப் பெண் கை தட்டவில்லை, நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக்கு ஒரு நியாயமும் அடுத்த வீட்டுக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தது அப்போதுதான் நமக்கே உறைத்தது.

அடுத்த வருஷம் அமெரிக்கப் பாடத்தை வேறு விதமாக ஆரம்பித்தோம். ஒரு காய்கறிப் பையைக் கொண்டுபோய் மேஜைமேல் கவிழ்த்தோம். கத்தரிக்காய், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரிப் பருப்பு, கொய்யாப்பழம். "ராஜராஜ சோழன் சாப்பிட்டிருக்க முடியாதவற்றை ஒதுக்கி வையுங்கள்" என்றோம். தூக்கம் கலைந்தது. கொய்யாவுக்காக ஒரு கட்சி வாதாடிற்று. முடிவில் கத்தரிக்காய் ஒன்றுதான் சோழனுக்கு மிஞ்சியது. மற்ற ஆறும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 1492-க்குப் பிறகு உலகெங்கும் பரவியவை. மிளகாயில்லாமல் சோழநாட்டில் என்ன குழம்பு வைத்தார்கள் என்று ஒரு பையன் உண்மையான துயரத்தோடு கேட்டான். மிளகுதான், அப்பா! அந்த மிளகு முதலான வாசனைச் சரக்குகளையும் பொன்னையும் தேடிக் கீழ்த்திசை போகத்தான் கொலம்பஸ் மேற்கே கப்பல் விட்டார். கண்டது வேறு காரம். அதற்கு நம்மவர் வைத்த பெயரிலும் மிளகே உட்கார்ந்திருக்கிறது.

வட ஜில்லாக்களிலிருந்து வந்த ஒரு மாணவி, தங்கள் ஊரில் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்று சொல்வதாகச் சொன்னாள். மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் போய் வந்தன. "அப்படியானால் கடலை அந்த வழியாகத்தான் வந்தது!" என்று வகுப்பு தீர்ப்பளித்துவிட்டது. பெயர் ஒரு சாட்சிதான், ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாகாது என்று அடக்கி வைத்தோம். சரித்திரப் படிப்பு இன்னதென்று நாம் அவர்களுக்கு முதலில் சொன்னது இதுவே.

பிறகு கொலம்பஸையே சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். 1492 ஆகஸ்டு 3-ந் தேதி பாலோஸ் துறையிலிருந்து மூன்று கப்பல்களுடன் புறப்பட்டு, அக்டோபர் 12-ந் தேதி கரை கண்டார். ஆசியாவை அடைந்துவிட்டதாக எண்ணி, அங்கே கண்ட ஜனங்களுக்கு 'இந்தியர்' என்று பெயர் வைத்தார். நம் பெயரை வேறொருவர் தலையில் சூட்டிய அந்தத் தவறு ஐந்து நூற்றாண்டாகியும் முற்றிலும் நீங்கவில்லை. அவர் எழுதிய தினசரியின் மூலப்பிரதி இன்று இல்லை. லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் அதைப் பார்த்து எழுதிய சுருக்கமே இருக்கிறது. "அப்படியானால் எது கொலம்பஸ் சொன்னது, எது பாதிரியார் சொன்னது என்று எப்படித் தெரியும்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. பதினைந்து வருஷ உத்தியோகத்தில் அந்தப் பெஞ்சிலிருந்து நாம் கேட்ட முதல் கேள்வி அது.

மெக்ஸிகோவுக்கு வந்தபோது நாடகமே போட வேண்டியதாயிற்று. 1519-ல் கார்ட்டேஸ் என்ற ஸ்பானியர் அந்நாட்டில் இறங்கினார். ஏரி நடுவே கட்டிய டெனோச்டிட்லான் நகரில் ஆஸ்டெக் சக்கரவர்த்தி மக்டெஸூமா ஆண்டுகொண்டிருந்தார். இருவரும் பேசுவதெப்படி? கார்ட்டேஸுக்கு ஸ்பானிய பாஷை. கப்பலுடைந்து மாயர்களிடையே பல வருஷம் வாழ்ந்த ஆகிலார் என்பவருக்கு ஸ்பானியமும் மாயமும். மலின்ட்ஸின் என்ற அடிமைப் பெண்ணுக்கு மாயமும் நாஹுவாட்டலும். ஆக, ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு வாய் மாறித்தான் போயிற்று. பின்னர் மலின்ட்ஸின் ஸ்பானியமும் கற்றுக்கொண்டு ஆகிலாரை வேலையிலிருந்து விலக்கிவிட்டாள். அவள் சாமர்த்தியம் அப்படி.

நம் வகுப்பில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவன் கார்ட்டேஸ். வீட்டில் தெலுங்கு பேசும் பெண் ஆகிலார். தெலுங்கும் உருதுவும் தெரிந்த பையன், பெருத்த கேலிக்கிடையே, மலின்ட்ஸின். உருது பேசும் அவன் சிநேகிதன் சக்கரவர்த்தி. "நாங்கள் சமாதானமாக வந்திருக்கிறோம், உங்கள் ராஜாவைப் பார்க்க விரும்புகிறோம்" என்று காதோடு சொல்லி அனுப்பினோம். அது சக்கரவர்த்தியிடம் போய்ச் சேர்ந்தபோது, "சமாதானம் வேண்டுமானால் ராஜா வந்து எங்களைப் பார்க்க வேண்டும்" என்று ஆகியிருந்தது. "முடியாது என்று சொல்!" என்றார் சக்கரவர்த்தி. அடுத்த வகுப்பு உபாத்தியாயர் கதவருகே வந்து எட்டிப் பார்க்கும்படி சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கியதும், மக்டெஸூமா தம் ராஜ்யத்தை மனமுவந்து ஸ்பெயின் மன்னருக்கு ஒப்புக்கொடுத்ததாகக் கார்ட்டேஸ் 1520-ல் மன்னருக்கு எழுதியதைச் சொன்னோம். எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக என்று மூன்று கேள்வி கேட்டோம். கார்ட்டேஸ் தமக்கு மேலதிகாரியான கியூபா கவர்னரின் உத்தரவை மீறிப் போனவர். மன்னரின் தயவு கிடைக்காவிட்டால் தலை தப்பாது. "அப்படியென்றால் பொய், ஸார்!" என்றனர் பாதிப் பேர். பொய் என்று சொல்லவும் சாட்சி வேண்டும். ஸஹாகுன் பாதிரியாரின் மேற்பார்வையில் அந்நாட்டு அறிஞர்கள் தங்கள் நாஹுவாட்டல் பாஷையிலேயே தொகுத்த பன்னிரண்டு பாகங்கள் ஃப்ளாரன்ஸ் நகரில் இருக்கின்றன. கடைசிப் பாகம் இந்த யுத்தத்தைப் பற்றியது. அதையும் அப்படியே நம்ப முடியாது. சொன்னவர்கள் பெரும்பாலும் ட்லாடெலோல்கோ என்ற பேட்டையினர். தங்கள் பேட்டை வீரர்களைச் சற்றுத் தூக்கியே சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊரில்தான் இல்லை?

சில நூறு வெள்ளையர் துப்பாக்கியும் குதிரையும் கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தையே வென்றார்கள் என்பது நாம் சிறுவயதில் படித்த கதை. 1521 ஆகஸ்டு 13-ந் தேதி நகரம் விழுந்தபோது முற்றுகையிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ட்லாஸ்கலா முதலிய நாடுகளின் சுதேசி வீரர்கள். அதற்கு முந்திய வருஷமே ஸ்பானியருடன் வந்த பெரியம்மை நகருக்குள் புகுந்து எண்ணற்றவர்களைக் கொண்டுபோயிற்று. மக்டெஸூமாவுக்குப் பின் வந்த மன்னரும் அதற்கே பலியானார். "துரோகிகள்!" என்று ட்லாஸ்கலாக்காரரைத் திட்டினான் கார்ட்டேஸாக நடித்த பையன். தெலுங்குப் பெண் எழுந்து, "ஆஸ்டெக்குகள் அவர்களுக்கு என்ன உறவு? வருஷம் தவறாமல் சண்டைக்கு வந்தவர்கள்தானே? கிளைவுக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களையும் அப்படியே திட்டுவாயா?" என்று கேட்டாள். பையன் யோசித்தான். நாமும் யோசித்தோம். அந்தக் கேள்விக்கு அன்று விடை சொல்லாமலே மணி அடித்துவிட்டது; மணிக்கு நம் நன்றி.

பரீட்சை நெருங்கியதும் வகுப்பு கவலைப்பட்டது. "ஸார், கேள்வி வந்தால் என்ன எழுதுவது?" நமக்கும் குடும்பம் உண்டு; அவர்களுக்கும் மார்க்கு வேண்டும். "ஒரு மார்க்குக் கேள்வியில் கொலம்பஸ் என்று எழுதுங்கள், ஐந்து மார்க்குக் கேள்வியில் உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்" என்றோம். "நிஜம் சொல்ல ஐந்து மார்க்கு வேண்டுமா, ஸார்?" என்றது பின் பெஞ்சு.

சென்ற ஜூன் மாதம் அந்தப் பழைய மாணவி ஏதோ சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். கல்லூரியில் சேரப் போகிறாள். அவளை உட்காரவைத்து, அந்தச் சைபரைப் பற்றிச் சொல்லி, தப்பு நம்முடையது என்றோம். அவள் விழித்தாள். "அப்படியா எழுதினேன்? எனக்கு ஞாபகமே இல்லையே, ஸார்" என்றாள். நான்கு வருஷமாக நாம் சுமந்த பாரத்தை அவள் எப்போதோ எங்கேயோ இறக்கி வைத்துவிட்டாள்.

மேஜையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், வொயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில், பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த மனிதர் காலடிகள். அவற்றின் வயது இருபத்தோராயிரம் முதல் இருபத்து மூவாயிரம் வருஷம் என்று 2021-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். நீர்ச்செடி விதைகளைக் கொண்டு கணக்கிட்டது சரியல்ல என்று சிலர் மறுத்தார்கள். 2023-ல் மகரந்தத்தையும் மணலையும் கொண்டு சோதித்தபோதும் ஏறக்குறைய அதே வயது வந்தது. தடங்களில் பல சிறுவர் சிறுமியருடையவை; சில, நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுடையோர் பதித்தவை. அவர்களுடைய பெயர் தெரியாது.

அவள் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள்.

"இது இடது காலா, வலது காலா, ஸார்?" என்று கேட்டாள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாமும் குனிந்து பார்த்தோம். இடது கால் என்றுதான் தோன்றியது.