எல்லைக் கல்லும் அயலானும்

வரைபடத்தில் புதுவையைக் காண்போர் வியப்படைவர். அது ஒரே நிலப்பரப்பன்று. கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஆறோ மலையோ வகுத்த எல்லையன்று இது. நவாபு ஆட்சியாளரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர்கள் ஒருபுறம், ஆங்கிலேயர் வசமிருந்த ஊர்கள் மறுபுறம் என அமைந்தது. போர்களில் பலமுறை கைமாறிய இத்துறைமுகத்தை, 1792-இல் இருந்த நிலைப்படியே பிரான்சுக்குத் திருப்பித் தருவதென 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முடிவு செய்தது. ஐரோப்பாவில் இட்ட கையொப்பம் இங்கே உழவனின் வரப்பில் எல்லையாயிற்று.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது. 1956-இல் கையொப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

எல்லை அன்று மறைந்துவிட்டதா? நிலத்தில் மங்கிய கோடு குடும்பங்களுக்குள் புகுந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தனர், கொடாதவர் இந்தியராயினர். இவ்வாறு ஒரே தெருவில், ஒரே உறவுக்குள், இரு நாட்டார் உருவாயினர். ஒருவர் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்தது. அடுத்தவர் வீட்டுக்கு வரவில்லை. பொறாமைக்கும் பெருமைக்கும் இவ்வளவு போதாதா?

இவ்விடத்தில் நம் திருச்சபை வரலாறு ஒன்றைச் சொல்கிறது. 1886-இல் நிறுவப்பட்ட புதுவை உயர்மறைமாவட்டம் பிரெஞ்சு எல்லையோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களின் மக்களையும் அணைத்துக்கொண்டது. அரசியல் இணைப்புக்கு ஓராண்டு முன்பே, 1953-இல், 'புதுவை - கடலூர்' என இரு பக்கத்தையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்தை நாடுவோரிடம் எப்பக்கத்து ஊர் என்று எவரும் கேட்பதில்லை.

ஆயினும் ஆலயத்துக்கு வெளியே நாம் கேட்கிறோம். குடியுரிமையையும் வருவாயையும் சாதியையும் கேட்ட பின்னரே பெண் கொடுக்கிறோம், இருக்கை தருகிறோம். அரசுகள் நட்ட கற்களைவிட நாம் நட்டவை ஆழமானவை. என் அயலான் யார் என்று வினவிய சட்ட அறிஞருக்கு இயேசு எல்லை வரைந்து காட்டவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த சமாரியனையே காட்டினார். மன்னர்கள் வகுத்த கோட்டை அழிக்க உடன்படிக்கை தேவைப்பட்டது. நாம் வகுத்ததை அழிக்க நம் மனம் ஒன்றே போதும்.