மலை ஒன்று, பெயர் பல

திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே, நெடுமங்காடும் விதுராவும் கடந்து சென்றால், கல்லாற்றின் கரையில் மலைச்சாலை தொடங்குகிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருவது பொன்முடி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் கொண்ட இம்மலையில் தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளும் சோலைகளும் நிறைந்துள்ளன. தோட்டங்களில் உழைத்த குடும்பங்களில் தமிழ் பேசுவோரும் உண்டு. ‘பொன்முடி’ என்னும் பெயர் தமிழருக்கும் பொருள் தரும். மலையாளிகளுக்கும் பொருள் தரும்.

மலையடிவாரத்தில், விதுராவை அடுத்த செற்றச்சல் என்னும் ஊரில், ஜவகர் நவோதயா வித்யாலயா அமைந்துள்ளது. நவோதயா பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். இரண்டு மணி நேரத்தில் 80 வினாக்கள். மொத்தம் 100 மதிப்பெண். அவற்றுள் 20 வினாக்கள் மொழிப் பகுதிக்கு உரியவை. நான்கு உரைப்பகுதிகளைத் தந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து வினாக்கள் கேட்பர். ஒரு சொல்லைச் சுட்டி, அதே பொருள் தரும் வேறு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இத்தகைய வினாக்களில் ஒரு வகை. ஆகவே, தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் ஒரு பொருள் தரும் பல சொற்களை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கின்றனர்.

இப்பழக்கம் தமிழுக்குப் புதியதன்று. ஒரு பொருள் குறித்துப் பல சொற்கள் வருவதையும், ஒரு சொல் பல பொருள் குறித்து வருவதையும் தொல்காப்பியர் திரிசொல்லின் இரு வகைகளாக வகுத்தார். பிற்காலத்தில் அச்சொற்களைத் தொகுத்துத் தர நிகண்டுகள் தோன்றின. சேந்தன் என்னும் வள்ளலின் ஆதரவில் திவாகரர் இயற்றிய திவாகர நிகண்டு, தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பெயர்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக அடுக்கியது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் ஆனது. ஓசையோடு பாடினால் பாட்டு மனத்தில் தங்கும். பாட்டோடு சொற்களும் தங்கும். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் அதனை அவ்வாறே கற்றனர். 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது சொற்களை அகர வரிசையில் அமைத்தார். அதன்பின் முழுப்பாட்டையும் நினைவில் வைத்திராதவரும் வேண்டிய சொல்லைத் தேடிக் காண முடிந்தது.

எனினும், வரிசையை மனப்பாடம் செய்வதோடு கல்வி முடிந்துவிடுவதில்லை. மலைக்கு வரை, வெற்பு, பொருப்பு, சிலம்பு, ஓங்கல், அடுக்கல், குன்று எனப் பல பெயர்கள் உண்டு. இவை அனைத்தும் ஒரே இடத்தைச் சுட்டினும், ஒவ்வொன்றும் அதனை வெவ்வேறு விதமாகக் காட்டும். ஓங்கி நிற்பதால் ஓங்கல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் தோன்றுவதால் அடுக்கல். உயரத்தில் குன்றியதால் குன்று. பொன்முடியைக் குன்று என்றால், அதன் உயரத்தைக் குறைத்துக் கூறியதாகும்.

முகிலுக்கும் அவ்வாறே. நீரைக் கொண்டிருப்பது கொண்டல். மேலெழுவது எழிலி. கருத்திருப்பது கார். பொன்முடியில் காலையில் படரும் வெண்ணிறப் படலத்தைக் ‘கார்’ என்று எழுதுதல் பொருந்தாது. அதற்கு ‘மஞ்சு’ என்னும் சொல்லே பொருந்தும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து திரண்டு வரும் மழைமேகத்திற்கோ ‘கார்’ என்பது மிகவும் ஏற்றது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘மன்னன் முடி சூடினான்’ என்னும் தொடரில் முடி என்பது மகுடம். ‘தாய் மகளின் முடியை வாரினாள்’ என்பதில் அது கூந்தல். ‘மலைமுடியில் மஞ்சு தவழ்ந்தது’ என்பதில் அது சிகரம். பொன்முடியின் முடியும் சிகரமே. தொடரைப் படிக்காமல் சொல்லை மட்டும் பார்த்து விடையைக் குறிப்பவர், தாம் அறிந்த சொல்லிலேயே தவறிவிடுவர்.

கேரளத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுடைய மொழிகள். அந்த நெருக்கமே சில இடங்களில் வழி தவறச் செய்யும். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீரையும் குறிக்கும். தமிழ் வழக்கில் அது பெருக்கெடுத்து ஓடும் நீர். மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய். தமிழில் அது சிற்றூர். கோவில்பட்டியின் பெயரை முதன்முறை கேட்கும் மலையாளத் தோழர்கள் சிரிப்பதும் இதனாலேயே. ஆனால் அதே நெருக்கம் துணையாகவும் அமையும். பனிமூட்டத்தை மலையாளிகள் ‘மஞ்ஞு’ என்பர்; குன்றைக் ‘குன்னு’ என்பர். தமிழ்நாட்டில் இன்று ஏட்டளவில் மட்டும் வாழும் ‘மஞ்சு’ என்னும் சொல்லின் உறவை, பொன்முடியில் வளரும் பிள்ளை நாள்தோறும் தெருவில் கேட்கிறது.

வீட்டுத் தமிழுக்கு ஓர் எல்லை உண்டு. அடுப்பங்கரையில் நீர், சோறு, விறகு என்னும் சொற்கள் போதும்; ‘புனல்’ என்றோ ‘வெற்பு’ என்றோ எந்தத் தாயும் பிள்ளையிடம் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்கு அச்சொற்கள் மேடைப் பேச்சிலும், கோயில் கல்வெட்டிலும், பாட்டிலும் எதிர்ப்படும். பிறமொழி மாநிலத்தில் வாழும் பிள்ளைக்கு அவை வந்து சேரும் வாயில் பெரும்பாலும் புத்தகம் ஒன்றே. அவ்வாயிலும் அடைபட்டால், அடுத்த தலைமுறையில் மலைக்கு ‘மலை’ என்னும் ஒரே பெயர்தான் எஞ்சும். பின்னர் அதுவும் பிறமொழிச் சொல்லுக்கு இடம் கொடுத்து விலகக்கூடும்.

பொன்முடி அமைந்துள்ள அதே மலைத்தொடரில்தான் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் நிற்கிறது. தமிழ் மரபில் அதற்குப் பொதிகை, பொதியில், அகத்தியர் மலை என்னும் பெயர்கள் உண்டு. பொதிகையில் தென்றல் பிறக்கிறது என்பதும், அங்கே அகத்தியர் தமிழை வளர்த்தார் என்பதும் தமிழர் நெடுங்காலமாகப் போற்றும் நம்பிக்கைகள். பெயர்களை அறிந்தவருக்கு, எதிரே தெரியும் அம்மலை சுற்றுலா இடமாக மட்டும் தோன்றாது. பாட்டன் பாட்டியர் பேசிய மொழியில் தமக்கும் பங்கு உண்டு என்பது விளங்கும். தேர்வில் ஒரு சொல் ஒரு மதிப்பெண்ணைப் பெற்றுத் தரலாம். அம்மதிப்பெண் செலவான பின்னும் சொல் செலவாவதில்லை.

அருஞ்சொற்பொருள்
நிகண்டு – பழங்காலச் சொற்பொருள் நூல்
புனல் – நீர்
வெற்பு – மலை
சிகரம் – மலையுச்சி
எழிலி – மேகம்

பயிற்சி

அ. பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. வானில் கருத்துத் திரண்ட ______ மழையைப் பொழிந்தது. (மஞ்சு, கார், புனல்)
2. ஊருக்கு வெளியே இருந்த சிறிய ______ மீது சிறுவர்கள் ஏறினர். (குன்று, ஓங்கல், சிகரம்)
3. அரசன் தலையில் ______ ஒளிர்ந்தது. (கூந்தல், மகுடம், வரை)

ஆ. ‘ஆறு’ என்னும் சொல் எண்ணையும் நீரோட்டத்தையும் குறிக்குமாறு இரண்டு தொடர்கள் எழுதுக.

இ. உங்கள் ஊரில் பேசப்படும் மொழியிலும் தமிழிலும் ஒன்றுபோல் ஒலித்து, வேறு பொருள் தரும் சொற்கள் இரண்டினை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.